தலைப்பிரசவமும் ஐப்பசி மழையும்

ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் கல்லூரித் தோழி போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி போட்டாள். மூன்றாம் மாதம் நடக்கிறது, ஈஸ்டர் விடுமுறைக்கு க்ரூகர் காட்டுக்குப் போக வீட்டுக்காரர் அறை பதிவு செய்துவிட்டார், "நீதான் போன வருஷம் இந்தக் கொசு விவகாரத்தைக் கரைத்துக் குடித்தாயே, போகலாமா வேண்டாமா, ஒரே வார்த்தையில் சொல்லு" என்று. ஒரே வார்த்தையில் சொல்ல வரவில்லை. அவளுக்குத் தட்டிய பதில் நீண்டுகொண்டே போனதால் இங்கேயே எழுதிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. இரண்டு மாதக் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் தட்டச்சு செய்கிறவள், அவ்வளவுதான்.

எனக்குச் சொந்த ஊர் மயிலாடுதுறை. கல்யாணமாகி மொரீஷியஸ் வந்து நாலு வருஷம், இருப்பது காத்ர் போர்ன். வீட்டில் எல்லோரும் க்ரியோல்தான் பேசுவார்கள், அத்தைக்குத் தெரிந்த தமிழ் தேவாரம் நாலு வரியும் சமையல் சாமான் பெயர்களும். 2025 மார்ச்சில் நாள் தள்ளிப்போய்ப் பரிசோதித்தபோது இரண்டு கோடு வந்தது. அதே வாரத்தில் அத்தையின் தங்கை வீட்டிலிருந்து கல்யாணப் பத்திரிகையும் வந்தது. சித்திரையில் கல்யாணம், ரியூனியன் தீவில், சேன்த்-ஆந்த்ரேயில். இங்கிருந்து விமானத்தில் முக்கால் மணி நேரம், ஏறி உட்கார்ந்து தண்ணீர் குடிப்பதற்குள் இறக்கிவிடுவார்கள், அதனால் இங்கே யாரும் அதை வெளிநாட்டுப் பயணம் என்றே நினைப்பதில்லை.

ஆனால் அந்த மார்ச், ஏப்ரலில்தான் ரியூனியனில் சிக்குன்குனியா உச்சத்தில் இருந்தது. 2024 ஆகஸ்டில் தொடங்கியது மெல்ல ஏறி, கோடை மழையோடு பற்றிக்கொண்டது. பரிசோதனையில் உறுதியானது மட்டும் 50,000-க்கு மேல் போனது. எங்கள் தீவிலும் உள்ளூரிலேயே பரவ ஆரம்பித்திருந்தது. 2006-ஐப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயரைக் கேட்டாலே முழங்கால் வலிக்கும். அந்தச் சுற்றில் ரியூனியனில் சுமார் 2,66,000 பேருக்கு வந்தது, தீவு மக்களில் மூன்றில் ஒருவருக்கு மேல். அத்தைக்கு இங்கே வந்தது. டீ கெட்டிலைத் தூக்க முடியாமல் மூன்று மாதம் இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினாராம். அவரே, "கல்யாணத்துக்கு நீ வர வேண்டாம், முதல் மூன்று மாதம் ஆகாது, அப்புறம் ஏழாம் மாதம் உன் அம்மா வீட்டுக்குத் தாராளமாகப் போய் வா" என்றார். அம்மாவும் போனில் வரிக்கு வரி அதையேதான் சொன்னாள். இரண்டு கண்டம், இரண்டு மொழி, ஒரே தீர்ப்பு.

எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. முதல் மூன்று மாதம் ஆபத்து, நடுவில் சுகம், ஏழில் வளைகாப்பு, அப்புறம் பிறந்த வீடு. நம் வழக்கமே அப்படித்தான் போட்டு வைத்திருக்கிறது. அது அலைச்சலுக்குப் போட்ட கணக்கு, கொசுவுக்குப் போட்டதில்லை என்பது பிறகுதான் புரிந்தது.

புரிய வைத்தது ரியூனியனிலிருந்து வந்த ஓர் ஆய்வு. 2006 அலையில்தான், தாயிடமிருந்து குழந்தைக்குச் சிக்குன்குனியா போகும் என்பதே உலகத்துக்குத் தெளிவாகத் தெரிய வந்தது. தீவின் தெற்கே சேன்-பியேரில் பிரசவமான 7,504 பெண்களைப் பின்தொடர்ந்து 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். கர்ப்ப காலத்தில் முன்னதாகவே காய்ச்சல் வந்து போனவர்கள் அறுநூற்றுச் சொச்சம் பேர். அவர்களுடைய குழந்தைகள் பெரும்பாலும் நன்றாகவே பிறந்தன. ஆனால் பிரசவத்தை ஒட்டிய நாட்களில் ரத்தத்தில் வைரஸ் இருந்த 39 தாய்மார்களில் 19 பேருடைய குழந்தைகளுக்குத் தொற்று வந்துவிட்டது. கிட்டத்தட்ட பாதி. சிசேரியன் செய்தும் தடுக்க முடியவில்லை. இன்னும் கொடுமை, அந்தக் குழந்தைகள் பிறக்கும்போது நன்றாகத்தான் இருந்தன. மூன்றாம் நாள், நாலாம் நாள் காய்ச்சல், பால் குடிக்காமை, அப்புறம் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குக் கடுமையாகி, அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மூளை வரை பாதிப்பு. மூன்றாம் நாள் என்றால் நம் ஊரில் பாதிப் பேர் வீட்டுக்கு வந்து ஆரத்தி எடுத்து முடித்திருப்பார்கள்.

ஆரம்ப மாதங்களில் ஒன்றுமே ஆகாது என்றும் இல்லை. பதினாறு வாரத்துக்கு முன்பே வைரஸால் சிசு இழப்பு நேர்ந்த சில பேரை அதே அலையில் பதிவு செய்திருக்கிறார்கள். அபூர்வம்தான். ஆனால் எடையைத் தூக்கி வைத்தால் தட்டு எந்தப் பக்கம் சாய்கிறது என்பது எனக்குப் பளிச்சென்று தெரிந்தது. சிக்குன்குனியாவைப் பொறுத்தவரை பயப்பட வேண்டிய வாரம் கடைசி வாரம்.

அதைப் படித்துவிட்டு காலண்டரைத் திறந்தேன். பிரசவ தேதி நவம்பர் கடைசி, கார்த்திகை பிறந்து பத்து நாள். "ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை" என்று பாட்டி சொல்லுமே, மயிலாடுதுறையில் டெங்கு ஏறுகிற பருவமும் அதேதான். வடகிழக்குப் பருவமழை பெய்து, மொட்டைமாடிச் சிரட்டையிலும் டயரிலும் தண்ணீர் நின்று, வீடு வீடாக ஆள் வந்து தொட்டியில் அபேட் என்ற கொசுப்புழு மருந்தை ஊற்றிவிட்டுப் போகிற மாதங்கள். டெங்குவும் பிரசவ நேரத்தில் வந்தால் இரட்டைத் தொல்லை: தாய்க்குத் தட்டணு குறைந்து ரத்தப்போக்கு பயம், குழந்தைக்கும் தொற்று போகலாம், குறைமாதத்திலும் பிறக்கலாம். எல்லோரும் கையைப் பிடித்துத் தடுத்த பயணம் ஒன்பதாம் வாரத்தில் மூன்று நாள் கல்யாணம். எல்லோரும் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்த பயணம் ஏழாம் மாதத்திலிருந்து பிரசவம் தாண்டி மொத்தம் ஐந்து மாதம், அதுவும் நட்ட நடு மழைக்காலத்தில். இதை நான் சொன்னபோது வீட்டுக்காரர் சிரித்தார், அப்புறம் சிரிக்கவில்லை.

சரி, கல்யாணத்துக்குப் போனேனா? போகவில்லை. ஆய்வு வேறு மாதிரி சொன்னாலும் உச்சத்தில் இருக்கிற இடத்துக்கு நானே டிக்கெட் வாங்கிக்கொண்டு போக மனசு வரவில்லை. காய்ச்சல் 39 டிகிரி அடித்து வாந்தியோடு சேர்ந்தால், கூட்டம் வழிகிற ஆஸ்பத்திரி வாசலில் எத்தனை மணி நேரம் உட்காருவது என்று யோசித்தேன். தடுப்பூசி ஒன்று அப்போது அங்கே வந்திருந்தது, அது உயிருள்ள வைரஸைப் பலவீனப்படுத்திச் செய்தது, கர்ப்பிணிகளுக்கு என்று அதைக் கொடுக்கவில்லை. முதியவர்களுக்கே கொடுத்துப் பார்த்து, சிலருக்குக் கடுமையான பக்கவிளைவு வந்ததால் அவர்களுக்கு நிறுத்திவிட்டார்கள். ஆகவே அந்த வழியும் இல்லை.

வீட்டுக்காரர் மட்டும் போய் வந்தார். இங்கேதான் யாரும் யோசிக்காத ஒரு விஷயம். போனவர் கொசுக்கடியோடு திரும்பினால், காய்ச்சல் வெளியே தெரிய மூன்றிலிருந்து ஏழு நாள் ஆகும், அதற்குள் இங்கே நம் தோட்டத்துக் கொசு அவரைக் கடித்து அப்புறம் என்னைக் கடித்தால்? எங்கள் வீட்டைச் சுற்றி இருப்பதும் அங்கே இருப்பதும் ஒரே வரிக்கொசு, ஆசியப் புலிக்கொசு என்கிறார்கள். பகலில் கடிக்கும், காலையிலும் சாயங்காலத்துக்கு முன்னும் ஜாஸ்தி. பூந்தொட்டியின் அடித்தட்டில் ஒரு ஸ்பூன் தண்ணீர் போதும் அதற்கு. 2006 அலையின்போது இந்தக் கொசுவுக்குள் நன்றாகப் பெருகும்படி வைரஸில் சின்ன மாற்றம் ஒன்று நடந்ததால்தான் அலை அவ்வளவு பெரிதானது. அதனால் அவர் திரும்பி வந்த பிறகு இரண்டு வாரம் கொசு மருந்து தடவிக்கொண்டு, முழுக்கைச் சட்டையோடு அலைந்தார். வேலையிடத்தில் கிண்டல் செய்தார்களாம். செய்யட்டும்.

ஸிகாவாக இருந்தால் கதையே வேறு. அதற்கு அதிகம் பயப்பட வேண்டியது ஆரம்ப மாதங்களில்தான், குழந்தையின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். கொசு இல்லாமலே உடலுறவிலும் பரவும். ஸிகா உள்ள ஊருக்குப் போய் வந்த ஆண் மூன்று மாதம், கர்ப்பமாக இல்லாத பெண் இரண்டு மாதம் காத்திருந்துவிட்டுத்தான் குழந்தைக்கு முயல வேண்டும் என்பது பொது அறிவுரை. மனைவி ஏற்கனவே கர்ப்பம் என்றால் பிரசவம் வரைக்கும் ஆணுறை. கேரளத்தில் 2021-லும், புனேயில் 2024-ல் கர்ப்பிணிகள் உட்படவும் வந்திருக்கிறது, எனவே அது எங்கேயோ பிரேசில் சமாச்சாரம் என்று ஒதுக்க முடியாது. இதைத்தான் தோழிக்கு முதலில் சொன்னேன்: "கொசு உள்ள ஊரா" என்று கேட்காதே, எந்த வியாதி, உனக்கு எத்தனையாவது வாரம், அங்கே அப்போது என்ன பருவம், இந்த மூன்றையும் சேர்த்துக் கேள்.

ஊருக்குப் போவதை அப்படித்தான் முடிவு செய்தோம். அம்மா ஒரே அழுகை. தலைப்பிரசவம் அம்மா வீட்டில் இல்லையென்றால் ஊரில் என்ன சொல்வார்கள் என்பது ஒரு பக்கம், ஐப்பசியில் துலாக்கட்டத்தில் முழுக்குப் போட என்னைக் கூட்டிப் போகலாம் என்று கணக்குப் போட்டிருந்தது இன்னொரு பக்கம். "ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகாது" என்று பழமொழியை வேறு எடுத்து வீசினாள். மாயூரத்துக் கொசுவும் ஆகாது என்று நான் சொன்னதற்கு இரண்டு நாள் பேசவில்லை. பிறகு நானே ஒரு பேரம் பேசினேன். ஆடிக்குப் பெண்ணை அழைப்பதும் வழக்கம்தானே? ஜூலை நடுவில் வருகிறேன், ஆடிப் பெருக்கு முடிந்ததும் திரும்பிவிடுகிறேன், அப்போது எனக்கு இருபத்தொன்றிலிருந்து இருபத்து நாலு வாரம், மழை இன்னும் தொடங்கியிருக்காது, பறக்கவும் கடிதம் கிடிதம் கேட்க மாட்டார்கள் (பல விமான நிறுவனங்கள் இருபத்தெட்டு வாரத்துக்கு மேல் மருத்துவர் கடிதம் கேட்கும், முப்பத்தாறுக்கு மேல் ஏற்றவே மாட்டார்கள்). வளைகாப்பை ஒன்பதாம் மாதத்தில் இங்கேயே வைத்துக்கொள்ளலாம், நீ ஐப்பசி பிறக்கும் முன் இங்கே வந்துவிடு. இங்கே நவம்பரில் கோடை தொடங்குகிறதே ஒழிய கொசு உச்சத்துக்கு வர ஜனவரி தாண்டும். அம்மா கணக்கு டீச்சர், ரிட்டயர் ஆனவள். அட்டவணை போட்டு அனுப்பியதும் படிந்துவிட்டாள்.

டிக்கெட் எடுக்கும்போது ஒரு கண்ணி இருந்தது. மும்பை வழியாகப் போவதைவிட, ஆப்பிரிக்கப் பெருநிலத்தில் மாறிப் போகும் ஒரு டிக்கெட் மலிவாக வந்தது. மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடு வழியாக வந்தால் இந்தியாவில் அதற்கான தடுப்பூசிச் சான்று கேட்பார்கள், இல்லையென்றால் ஆறு நாள் வரை தனியாக வைக்கலாம். விமான நிலையத்தை விட்டு வெளியே வராதவர்களுக்கு விலக்கு உண்டு என்றாலும் அது அங்குள்ள சுகாதார அதிகாரி ஒப்புக்கொள்வதைப் பொறுத்தது. அந்தத் தடுப்பூசியும் உயிருள்ள வைரஸ் வகை, தவிர்க்க முடியாத நிலை இல்லையென்றால் கர்ப்பிணிக்குப் போட மாட்டார்கள். மிச்சமாகிற சில ஆயிரம் ரூபாய்க்காக வயிற்றைத் தள்ளிக்கொண்டு கவுண்ட்டரில் வாதாட எனக்குத் தெம்பு இல்லை. மும்பைதான்.

ஊரில் இருந்த மூன்று வாரமும் வீடே கொசுப் போர்க்களம். நான் 20 சதவீதம் பிகாரிடின் உள்ள கொசு விரட்டி மருந்து கொண்டுபோயிருந்தேன். டீட் என்கிற இன்னொரு கொசு விரட்டியையும் கர்ப்பிணிகள் தடவலாம், 20-லிருந்து 30 சதவீதம் போதும். வெயில் கிரீம் பூசுவதாக இருந்தால் அதை முதலில் பூசி, காய்ந்த பிறகு மேலே இது. அம்மாவுக்கு இந்த மருந்தெல்லாம் விஷம், ஆனால் ஜன்னலைச் சாத்திவிட்டுக் கொசுவர்த்தி ஏற்றினால் மட்டும் அது மருந்து! அதை மூன்று தடவை அணைத்தேன். பக்கத்து வீட்டு மாமி நிலவேம்புக் குடிநீரோடு வந்தார், டெங்கு காலத்தில் அரசாங்கமே கொடுத்ததுதானே என்றார். நிஜம்தான், கொடுத்தார்கள். ஆனால் கர்ப்பிணி அதைச் சித்த மருத்துவரைக் கேட்காமல் வாயில் வைக்கக் கூடாது என்று சொல்லி வாங்கி வைத்துவிட்டு, மாமி போனதும் அப்பா குடித்துவிட்டார். மொட்டைமாடித் தொட்டிக்கு மூடி போட்டது, பிரிட்ஜ் பின்னால் இருக்கிற தட்டில் தேங்கிய தண்ணீரைக் கொட்டியது, இவையெல்லாம் அப்பா வேலை. அந்தத் தட்டு ஒன்று இருப்பதே அவருக்கு அறுபத்தைந்து வயதில்தான் தெரிந்தது.

ஒரு நாள் லேசாகக் காய்ச்சல். குலை நடுங்கிவிட்டது. பாராசிட்டமால் மட்டும் போட்டேன். டெங்குவா இல்லையா என்று தெரியாத வரை இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் பக்கமே போகக் கூடாது, ரத்தப்போக்கைக் கூட்டும், கர்ப்ப காலத்தில் பாதி தாண்டிவிட்டால் இபுப்ரோஃபென் எப்படியும் ஆகாது. ஊருக்கு வருவதற்கு முன்பே, எந்த ஆஸ்பத்திரியில் டெங்குவுக்கான என்.எஸ்.1 பரிசோதனையை அன்றே செய்வார்கள், பச்சிளம் குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு எத்தனை கிலோமீட்டர் என்றெல்லாம் விசாரித்து வைத்திருந்தேன். நான் இந்தப் பயணத்துக்குச் செய்த ஏற்பாடுகளிலேயே உருப்படியானது அதுதான். சோதனையில் ஒன்றுமில்லை, சாதா சளிக் காய்ச்சல். ஆடிப் பதினெட்டுக்குக் காவிரிப் படித்துறையில் நின்று காலை மட்டும் நனைத்துக்கொண்டேன், சித்திரான்னம் நாலு வகை. காலில் பூசியிருந்த மருந்து ஆற்றோடு போய்விட்டதே என்று அங்கேயே நின்று திரும்பப் பூசியதை அம்மா இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

திரும்பி வந்த மறுவாரம் சுகாதாரத் துறை ஆள் ஒருவர் வாசலில் வந்து நின்றார், மலேரியா ரத்தப் பரிசோதனைக்கு. மலேரியா உள்ள நாடுகளிலிருந்து வருகிறவர்களை விமான நிலையத்தில் குறித்துக்கொண்டு வீடு தேடி வந்து விரலில் குத்தி எடுப்பது இங்கே வழக்கம். முதல் தடவை நான் கோபப்பட்டிருக்கிறேன், என்னை ஏதோ வியாதிக்காரி மாதிரி நடத்துகிறார்களே என்று. 1867-ல் இந்தத் தீவில் மலேரியா வந்து போர்ட் லூயிஸில் பிணம் குவிந்த கதையை அத்தை சொன்ன பிறகுதான் கோபம் போனது. கரும்புத் தோட்டத்துக்கு வந்த நம் ஆட்கள் எத்தனை பேர் அதில் போனார்கள். வசதி இருந்தவர்கள் குளிர்ந்த மேட்டு நிலத்துக்கு, க்யூர்பீப் பக்கம், குடியேறிவிட்டார்கள். 1973-ல் மலேரியா ஒழிந்தது என்று சான்று வாங்கி, இரண்டே வருஷத்தில் ஒரு புயலுக்குப் பிறகு திரும்ப வந்து, மறுபடி விரட்டியிருக்கிறார்கள். ஆகையால் விரலை நீட்டினேன். அவர் என் வயிற்றைப் பார்த்துவிட்டு க்ரியோலில் ஏதோ ஆசீர்வாதம் சொல்லிவிட்டுப் போனார்.

மலேரியா என்றதும் தோழிக்கு வருகிறேன். கர்ப்பிணிக்கு மலேரியா மற்றவர்களுக்கு வருவது மாதிரி இல்லை. ஒட்டுண்ணி நஞ்சுக்கொடியிலேயே போய்ப் பதுங்கும், ரத்தசோகை, கருச்சிதைவு, எடை குறைந்த குழந்தை என்று வரிசையாக வரும், தென்னாப்பிரிக்காவில் இருப்பதோ அதிலும் கொடிய ஃபால்சிபாரம் வகை. காம்பியாவில் நடந்த ஓர் ஆய்வில் கர்ப்பிணிகளை நாடி வந்த மலேரியாக் கொசு மற்றவர்களுக்கு வந்ததைப்போல் இரண்டு மடங்கு. மூச்சு அதிகம் விடுகிறோம், வயிறு சூடாக இருக்கிறது, அதுதான் காரணமாம். ஜோகன்னஸ்பர்க்கிலும் டர்பனிலும் மலேரியா இல்லை, ஆனால் லிம்போபோ, ம்புமலாங்கா, க்வாஸுலு-நட்டாலின் வடகிழக்கு மூலை, இவை மலேரியாப் பகுதி, க்ரூகர் அதற்குள் இருக்கிறது. பருவம் செப்டம்பரிலிருந்து மே. ஈஸ்டர் சரியாக உள்ளே விழுகிறது. மாத்திரை போட்டுக்கொண்டு போகலாமே என்றால், டாக்ஸிசைக்ளின் கர்ப்பிணிக்கு ஆகாது, அட்டோவாகோன்-ப்ரோகுவானிலைப் பற்றிப் போதுமான தகவல் இல்லை என்று தவிர்க்கிறார்கள், மிச்சம் மெஃப்ளோகுயின், அதுவும் வலிப்போ மனநலப் பிரச்சினையோ இருந்தவர்களுக்குக் கூடாது. யானை பார்ப்பதற்காக இத்தனையா?

அவளுக்கு எழுதினேன்: போகாதே. ஆனால் வீட்டில் உட்காராதே. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து காரில் போகிற தூரத்திலேயே பிலானஸ்பெர்க் இருக்கிறது, மடிக்வே இருக்கிறது, இரண்டிலும் மலேரியா இல்லை. அறையை ரத்து செய்தால் பாதிப் பணம் போகும் என்று வீட்டுக்காரர் முனகுவார், முனகட்டும், என் வீட்டுக்காரரிடம் பேசச் சொல்.

ராத்திரி இரண்டு மணிக்குப் பாலுக்கு எழுந்தபோது பதில் வந்திருந்தது. குழந்தை வலைக்குள் கையை ஆட்டிக்கொண்டிருந்தான். இத்தனை நாள் மருந்து எதுவும் தடவக் கூடாது என்பதால் அவனுக்கு இதுவரை வலைதான். "அதெல்லாம் சரி, பிலானஸ்பெர்க்கில் சிங்கம் இருக்குமா?" என்று கேட்டிருந்தாள்.

இருக்கும் என்று அனுப்பினேன்.